கல்லறைத் திருநாளில் பிறந்தவளின் நட்சத்திரம்

ஆட்டோவை விட்டு இறங்கிய பெண்ணுக்குக் கை நடுங்கிய நடுக்கத்தில், அணைத்து வைத்திருந்த வண்டி தானே ஸ்டார்ட் ஆகிவிடுமோ என்று வேல்சாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"செலினா அக்கா வீடு இதுதான்மா. தைரியமா ஏறு. அக்கா காதுல விழுந்தது கிணத்துல விழுந்த கல்லு. மேல வராது."

பொய்யில்லை. செலினா முப்பத்தோரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கேட்டதையெல்லாம் வெளியே சொல்லியிருந்தால் தாலுகாவில் பாதிக் கல்யாணம் முறிந்திருக்கும், மீதிப் பாதி நடந்தே இருக்காது. ஓய்வு பெற்ற பிறகு, போலீசுக்குப் போக முடியாத சங்கடங்களெல்லாம் அவர் வீட்டு மாடிப்படி ஏறி வந்தன. ஏற்றி இறக்குவது வேல்சாமியின் ஆட்டோ. துணைத் துப்பறிவாளர் பதவிக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்ததும் வேல்சாமியேதான்.

வந்தவள் ஆஷிகா. வயது இருபத்துநாலு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. உட்கார்ந்ததும் போனை நீட்டினாள்.

"இதைக் கேளுங்க ஆன்ட்டி."

ஒரு பெண் குரல், தேன் தடவிய குரல், பேசியது. "ரோகிணி நட்சத்திரத் தங்கச்சி ஆஷிகா! மனசுக்குப் பிடிச்சவரைக் கைப்பிடிக்கப் பயமா? பயப்படாதே. காதலுக்குக் காவல் நம்ம வேட்பாளர். மறக்காம ஓட்டுப் போடு."

"உனக்கு அப்படி ஒருத்தர் உண்டா?" என்று கேட்டார் செலினா.

"தேவதானம் முத்துப்பாண்டி." குரல் தரையைத் தொட்டது. "எங்க ரெண்டு பேரைத் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாது. இது நேத்து வந்துச்சு. அதே நேரம் எங்க அப்பா ரிச்சர்டுக்கும் ஒண்ணு வந்துச்சு. 'ரிச்சர்ட் அண்ணாச்சி, பொத்திப் பொத்தி வளர்த்த பொண்ணு கைநழுவிப் போறாளா? குடும்ப மானத்துக்குக் காவல் நம்ம வேட்பாளர்'னு."

"அதே வேட்பாளரா?" வேல்சாமி வாயைப் பிளந்தார். "ஏலே, பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுதானே!"

"அப்பா நேத்திலிருந்து சாப்பிடலை. என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்காவ. இது பெருசில்ல ஆன்ட்டி. எங்க சித்தப்பா ஜெர்வின் அந்தக் கட்சிக்கு பூத் ஏஜென்ட். இன்னிக்கு நாலு மணிக்கு இங்க ஒரு கல்யாண மண்டபத்துல ஏஜென்ட்டுகளுக்கு ஒரு கட்டு குடுக்காங்களாம். வீடு வீடா யாருக்கு என்ன ஆசை, என்ன பயம், யாரை எதைச் சொல்லி மடக்கலாம், எல்லாம் அச்சுல இருக்குமாம். சொந்தத் தெருவை யாருக்கும் குடுக்கமாட்டாங்களாம்; பக்கத்துத் தெருவுல இருக்கிற சித்தப்பாவுக்குத்தான் எங்க தெரு கட்டு வருது. அவியளுக்குக் கை முந்தும், பேச்சு பிந்தும். போன வருஷம் எங்க பெரியப்பா மகள் இப்படித்தான் ஒரு பையனோட பேசினா. இப்போ அவ எந்த ஊர்ல இருக்கான்னு அவ அம்மாவுக்கே தெரியாது."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

"யார் மேல சந்தேகம்?" செலினாவின் குரலில் அவசரமே இல்லை.

"செல்போன் கடை கௌதம்ராஜ். போன மாசம் ஸ்கிரீன் உடைஞ்சு, ஒரு நாள் முழுக்க போன் அவர்கிட்டதான் இருந்துச்சு. இப்போ அந்தக் கட்சிக்குப் பெட்டி பெட்டியா சிம் கார்டு குடுக்குறதும் அவர்தான்."

"அவன்தான்!" என்று எழுந்தே விட்டார் வேல்சாமி. "வண்டியை எடுக்கவா?"

"உட்காருப்பா. வேற யாரு?"

"பாண்டீஸ்வரி அக்கா. கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காங்க. பதிவுத் திருமணத்துக்கு என்ன ஃபாரம்னு ஒருநாள் அவங்ககிட்ட விசாரிச்சேன். 'ஒரு தோழிக்கு'ன்னுதான் சொன்னேன். பேரு எதுவும் சொல்லலை."

செலினா அந்தத் தேன் குரலை இன்னொரு முறை ஓட விட்டார்.

"நீ பிறந்தது என்னைக்கு?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு, நவம்பர் ரெண்டு. கல்லறைத் திருநாள். எல்லாரும் மெழுகுதிரியோட கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்புற மத்தியான நேரத்துல பிறந்தேனாம். அதைச் சொல்லியே கேலி பண்ணுவாங்க."

"வேல்சாமி, அன்னைக்கு என்ன நட்சத்திரம்?"

வேல்சாமி பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்கமாட்டார். போனில் தட்டினார். "மத்தியானம்னா கார்த்திகைக்கா. ரோகிணி மறுநாள்தான் வருது."

"அப்போ ரோகிணின்னு யாரு சொன்னா? இந்தப் பிள்ளைக்கு ஜாதகமே கிடையாது. ஞானஸ்நானச் சீட்டுல நட்சத்திரம் எழுதுறதில்ல." செலினா அவளை நேராகப் பார்த்தார். "ஏட்டி, உலகத்துல எந்த ஒரு இடத்துல நீ ரோகிணி?"

ஆஷிகாவின் முகம் செம்பருத்தியானது. விரல் துப்பட்டாவை முறுக்கியது.

"ஃபேஸ்புக்ல ஒரு பக்கம், 'இலவசப் பொருத்தம்'னு. முத்துவோட அம்மா பொருத்தம் இல்லாம சம்மதிக்கமாட்டாவன்னு அவர் சொன்னாரு. சும்மா பார்த்தேன். உள்ள ரெண்டு பேர் பேரும் ஊரும் கேட்டுச்சு. என் நிஜத் தேதிக்குப் பத்துக்கு நாலுதான் வந்துச்சு. அழுகையா வந்துச்சு. அப்புறம்... ஒருநாள் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வந்துச்சு. அதையே வச்சுக்கிட்டேன்."

வேல்சாமி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். சந்தையில் மாட்டுக்குப் பல்லைத் தேய்த்து வயசைக் குறைத்து விற்கிற தரகன்கூட கிரகத்தின் மேல் கை வைத்ததில்லை.

"அந்தப் பக்கம் எப்படித் தெரிஞ்சுது?"

"பாண்டீஸ்வரி அக்கா மேசைக் கண்ணாடிக்கு அடியில ஒரு க்யூஆர் கட்டம் ஒட்டியிருக்காங்க. போனைக் காட்டினா பக்கம் திறக்கும். ஃபாரம் கேட்டப்போ, 'உன் தோழியை முதல்ல பொருத்தம் பார்க்கச் சொல்லு'ன்னாங்க. வேற எங்கயும் நான் அதைப் பார்த்ததில்ல."

"சரி. வேல்சாமி, அந்தப் பக்கத்துல உனக்கும் ஒரு பொண்ணு பாரு."

"எனக்கா? எம் பொண்டாட்டி வெள்ளத்தாய்க்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு, கொன்னதுக்கு என்னையே நன்றி சொல்லச் சொல்லுவாக்கா!"

"இல்லாத பொண்ணு. பேரு பவளக்கொடி. உன் நட்சத்திரத்தையும் தப்பாப் போடு. ஆயில்யம்னு வர்ற மாதிரி ஒரு தேதி தேடு."

பெயர், ஊர், கைபேசி எண் எல்லாம் கேட்டு, கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி 'சம்மதம்' தட்டச் சொன்னது அந்தப் பக்கம். வேல்சாமி படிக்காமல் தட்டினார். அந்தப் பொடி எழுத்தைப் படித்தவன் பூமியில் இன்னும் பிறக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு மண்டபத்து வாசலில் ஆட்டோ நிற்கும்போது போன் சிணுங்கியது. அதே தேன் குரல். "ஆயில்ய நட்சத்திர அண்ணன் வேல்சாமி! இன்னொரு வாழ்க்கை தேடுறது பாவமா?" அது முடிவதற்குள் வெள்ளத்தாயின் அழைப்பு. "யாருய்யா அவ? 'கட்டின புருஷன் கண்ணு வேற எங்கயோ போகுதா, வெள்ளத்தாய் அக்கா'ன்னு ஒருத்தி கேக்குதா! வீட்டுக்கு வா, அரிவாள்மனையை நிமிர்த்தி வச்சிருக்கேன்!"

இல்லாத ஒருத்தியால் இருக்கிற ஒருத்தியிடம் சாகப்போவது வேல்சாமி ஒருவர்தான். அப்படியானால் நிஜமாகவே ஒருத்தனை மனசில் வைத்திருக்கிற இந்தப் பிள்ளையின் கதி? அதை நினைத்தபோது சிரிப்பு எங்கோ ஓடிப்போனது.

மண்டபத்தில் அறுபது ஏஜென்ட்டுகள். மேடையில் லேப்டாப்புடன் பாண்டீஸ்வரி, பக்கத்தில் சிம் பெட்டியோடு கௌதம்ராஜ். நாலு மணி என்று சொன்னதற்கு முன்பே கட்டுகள் பாதி கொடுத்து முடிந்திருந்தன. மூன்றாவது வரிசையில் ஜெர்வின் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கதவு எண்ணாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஷிகா வேல்சாமியின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எங்க வீடு இருபத்தேழு அண்ணாச்சி."

ஜெர்வினின் விரல் பத்தொன்பதில் இருந்தது.

செலினா மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். யாராவது வேட்பாளரின் அத்தையாக இருக்கும் என்று நினைத்து ஒருவரும் தடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம். இந்தக் கட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லுதேன். கௌதம்ராஜ்மேலதான் முதல் சந்தேகம். ஆனா போனைத் திறந்து பார்த்தவன் நிஜப் பிறந்தநாளைத்தான் பார்ப்பான். வந்த சேதியில இருந்த நட்சத்திரம், ஒரு பிள்ளை பொருத்தத்துக்காக ஒரே ஒரு பக்கத்துல மாத்திப் போட்டது. அந்தப் பக்கத்துக்கு வழி பாண்டீஸ்வரி மேசையில இருக்கு. இன்னிக்கு எங்க வேல்சாமியும் அதே பக்கத்துல பொய்யா ஒரு நட்சத்திரம் போட்டாரு. ரெண்டு மணி நேரத்துல அந்தப் பொய்யே உங்க கட்சிக் குரல்ல திரும்பி வந்துச்சு. அங்க தட்டுற பேரையும் நம்பரையும் உங்ககிட்ட இருக்கிற வோட்டர் லிஸ்ட்டோட சேர்த்தா, கதவு எண்ணுல இருந்து வீட்டு ஆளுக நம்பர் வரைக்கும் வந்துருது."

ஜெர்வினின் விரல் இருபத்துநாலு.

பாண்டீஸ்வரி பதறவில்லை. "எல்லாரும் அவங்க விரலால சம்மதம்னு தட்டினதுதான்."

"பொருத்தம் பார்க்கத் தட்டினாங்க. நாடி பிடிச்சு விக்கிறதுக்குத் தட்டலை."

இருபத்தாறு.

"ஜெர்வின் தம்பி!" செலினா குரலை உயர்த்தினார். "உங்களுக்குப் பக்கத்துத் தெரு கட்டுதான குடுத்திருக்கு? யாருக்கும் சொந்தத் தெருவைக் குடுக்கலை, கவனிச்சியளா? அப்போ உங்க வீட்டுப் பக்கம் இப்போ யாரு கையில இருக்கு?"

விரல் நின்றது.

அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "எங்க தெரு யார்ட்டல இருக்கு?" "குடுல, படிக்காதல!" நாற்காலி கவிழ்ந்தது, வேட்டி கிழிந்தது. ஜெர்வின் தன் கட்டைத் தரையில் போட்டுவிட்டு ஓடி, ஒரு மீசைக்காரரிடமிருந்து ஒரு தாளைப் பிடுங்கினார். படித்தார். முகம் சுண்ணாம்பானது. தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றே நிமிஷத்தில் மண்டபத்துத் தரை பஞ்சு மில் தரை மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. இருபத்தேழாம் எண்ணை வேல்சாமி பதினாறு துண்டாக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"தப்பிச்சோம்மா!"

பாண்டீஸ்வரி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். லேசாகச் சிரித்தாள். "காகிதந்தான கிழிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

வேல்சாமியின் சந்தோஷம் அப்படியே உறைந்தது. "அக்கா, போலீசு..."

"புகார் நாம எழுதிக் குடுப்போம். ஆனா அவங்க வந்து அந்த லேப்டாப்பைத் திறக்கிற வரைக்கும் இந்தப் பிள்ளையோட ரகசியம் அதுக்குள்ளதான் இருக்கும்." செலினா ஆஷிகாவின் பக்கம் திரும்பினார். "ஒளிச்சு வச்சிருக்கிற வரைக்கும்தான் அதுக்கு விலை. என்ன செய்யணும்னு நான் சொல்லமாட்டேன்."

ஆஷிகா கிழிந்த தாள்களை மிதித்துக்கொண்டு நேராக ஜெர்வினிடம் போனாள்.

"சித்தப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. தேவதானம், முத்துப்பாண்டி. அப்பாகிட்ட நானே சொல்லப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்க கூட வாரியளா?"

ஜெர்வினின் இடது கை உயர்ந்தது. வேல்சாமி கண்ணை மூடிக்கொண்டார். அறைச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜெர்வின் உயர்த்திய கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் திறக்கவேயில்லை. அதற்குள் அந்தக் கசங்கிய தாள் இருந்தது.

வாசல் பக்கம் திரும்பினார்.

"வண்டில ஏறு," என்றார்.