விசில் ஊதினால் வாடகை

சிட்டுவின் மாமா பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிப்பவர். அவர் மடித்த பெட்டியில் கேக்கை வைத்துக்கொண்டு ஓடினாலும் மூலை நசுங்காது. அப்படிப்பட்டவர் தன் அறையில் உட்கார்ந்து, வெட்டி எறிந்த ரொட்டி ஓரங்களை வெறும் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சிட்டுவைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்த அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சம்பளம் எங்கடா போகுது? யாருக்கு அள்ளிக் குடுக்கிற?"

"யாருக்கும் குடுக்கலக்கா. வாடகை மட்டும்தான்."

அம்மா நம்பவில்லை. ஓர் அறைக்கு அவ்வளவு வாடகை எந்த ஊரில் இருக்கிறது? சீட்டாட்டமா, கடனா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். மாமா அடுத்த ரொட்டி ஓரத்தை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.

மாமாவுக்கு ஒரு குறை உண்டு. பேக்கரிப் பரணில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, கிழமையும் தேதியும் அவர் நினைவில் தங்குவதில்லை. மற்றதெல்லாம் தங்கும். சிட்டு எந்த வகுப்பில் படிக்கிறாள், அவளுக்கு எந்த பிஸ்கட் பிடிக்காது, எல்லாம் தெரியும். இன்று என்ன கிழமை என்று கேட்டால் மட்டும் ஜன்னலைப் பார்ப்பார்.

அடிபட்டதும் நீண்ட காலம் அக்கா வீட்டில்தான் படுத்திருந்தார். அங்கே அவரைக் கடைக்குக்கூடத் தனியாக விடமாட்டார்கள். உடம்பு தேறி, வேலைக்குத் திரும்பி, இந்த அறையைப் பிடித்தபோது முதல் வேலையாக ஜன்னலுக்கு நீல வண்ணம் அடித்தார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணு. நம்ம வீட்டு ஹால்ல கட்டில் போடறேன்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"சரிக்கா" என்றார் மாமா. அவ்வளவுதான். எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார்.

அந்தச் "சரி" சிட்டுவை இரவெல்லாம் உறுத்தியது. மாமா சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை, சாமான் கட்ட உதவி செய்யச் சொல்லி அம்மா அவளை அனுப்பினாள். மாமாவின் அறை பக்கத்துத் தெருவில்தான். சட்டைகளை மடிக்கும் வேலை சிட்டுவுக்கு. அவள் மடித்ததை எல்லாம் மாமா பிரித்து, பெட்டி மடிப்பதுபோல் மூலைக்கு மூலை பிடித்து மறுபடி மடித்தார்.

"அப்புறம் நான் எதுக்கு?" என்றாள் சிட்டு.

"நீ மடிச்சாத்தானே நான் பிரிக்க முடியும்?"

இருவரும் சிரித்தார்கள். அப்போது மொட்டை மாடியில் டமடம என்று சத்தம் கேட்டது. யாரோ வாளியை உருட்டினார்கள். தொடர்ந்து 'கரக் கரக்' என்று தேய்க்கும் ஓசை.

மாமா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். தலையணைக்கு அடியில் இருந்து பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

எங்கே போகிறீர்கள் என்று சிட்டு கேட்டாள்.

"வாடகை குடுக்க. தொட்டி கழுவறாங்க பாரு."

"தொட்டி கழுவினா எதுக்கு மாமா வாடகை?"

குடி வந்தபோது வீட்டுக்காரர் சொன்ன ஏற்பாடு அது. மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர்த் தொட்டி கழுவுவோம், உனக்குத் தேதி நிற்காது என்கிறாயே, தொட்டி கழுவும் சத்தம் கேட்டால் வாடகையைக் கொண்டுவா என்றாராம். மாமா அதை ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

சிட்டுவுக்கு மண்டைக்குள் ஏதோ பொறி தட்டியது. மாமாவைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். தொட்டிக்குள் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மாதம் ஒரு முறைதானே கழுவுவீர்கள் என்று அந்தத் தலையிடம் கேட்டாள்.

"அது அந்தக் காலம்" என்றார் தொட்டி கழுவுகிறவர். "காத்துல மூடி ஒடைஞ்சதுலேருந்து புறா இறகு, இலை, குப்பைன்னு எல்லாம் உள்ளதான் விழுது. இப்ப மாசத்துக்கு ரெண்டு தடவை வரேன். வீட்டுக்காரர் ஒரு மூடி வாங்கினா என் முதுகாவது பொழைக்கும்."

மாமா மாதத்துக்கு இரண்டு வாடகை கொடுத்திருக்கிறார். மிச்சம் இருந்ததில் ரொட்டி ஓரம் தின்றிருக்கிறார்.

கீழே வந்து மெதுவாகச் சொன்னாள். மாமாவின் காது மடல் சிவந்தது. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அக்கா சொல்றது சரிதான் சிட்டு. எனக்குத் தனியா இருக்கத் துப்பில்லை."

"நீங்க என்ன தப்பு பண்ணீங்க? அவர் சொன்னபடிதானே செஞ்சீங்க? ரெண்டாவது தடவை நீட்டினப்ப வாங்காம இருந்திருக்கணும் அவர்தான். வாங்க, போய்க் கேப்போம்."

"நீயே கேளும்மா."

சிட்டு யோசித்தாள். அவளே கேட்டுவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் சின்னப் பெண் வந்து பேசித்தான் காரியம் நடந்தது என்றால், மாமா அந்த மாடிப்படியில் நிமிர்ந்து நடப்பாரா?

"உங்க பணம், நீங்க கேளுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்" என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் யாராவது வாசற்படியில் நின்றால் "உள்ள போ, உள்ள போ, வழி விடு" என்பார். மாமாவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கை நீட்டினார்.

மாமா பணத்தை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார். சிட்டுவின் விரலை இறுக்கினார்.

"சார், நான் மாசத்துக்கு ரெண்டு வாடகை குடுத்திருக்கேன். கூடக் குடுத்தது திரும்ப வேணும்."

சொல்லிவிட்டார். சிட்டு மூச்சு விட்டாள்.

வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அதுதான் வேடிக்கை. "தெரியுமே. நாலு மாச வாடகை கூட வந்திருக்கு. அதுக்கென்ன இப்போ?" என்றார்.

தெரிந்துமா வாங்கினீர்கள் என்று சிட்டு கேட்க, அவருக்குச் சுருக்கென்றது. தன் சர்வீஸில் ஒருவர் சில்லறையையும் தின்றதில்லை என்று மீசையைத் தடவிக்கொண்டார். பஸ்ஸில் பெரிய நோட்டு நீட்டினால் மீதியை இறங்கும்போது கொடுப்பதுதான் வழக்கம். மாமா கூடுதலாகக் கொடுத்தாரா, சரி, காலி செய்கிற அன்று கணக்குப் பார்த்து மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாராம்.

"இறங்கறதுக்குள்ள அவருக்குப் பசிக்குமே" என்றாள் சிட்டு. "எங்க மாமா ரொட்டி ஓரம்தான் சாப்பிடறார்."

வீட்டுக்காரர் மாமாவின் கன்னத்து எலும்பை அப்போதுதான் கவனித்தார்போல. மீசையில் இருந்த கை தானாக இறங்கியது. உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து பணத்தோடு வந்தார். பாதிதான் இருந்தது. மீதி தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குப் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

"அப்ப ரெண்டு மாசத்துக்கு வாடகை வேண்டாம்னு வெச்சுக்கலாமா சார்?" என்று மாமாவே கேட்டார். இந்த முறை சிட்டுவின் விரலை அவர் பிடித்திருக்கவில்லை.

வீட்டுக்காரர் தலையாட்டினார். ஆனால் மூன்றாவது மாதம் இந்த மனிதருக்கு எப்படி நினைவு வரும் என்று அவருக்குக் கவலை. தொட்டிக்கு மூடி வாங்கிப் போட்டால் கழுவுவது பழையபடி மாதம் ஒரு முறை ஆகிவிடும், ஆனாலும் அந்தச் சத்தத்தை நம்ப முடியாதே என்றார்.

"வாங்கறவங்கதானே கேக்கணும்?" என்றாள் சிட்டு. "நீங்க பஸ்ல எப்படி ஞாபகப்படுத்துவீங்க?"

வீட்டுக்காரரின் கண் பளபளத்தது. மேஜை இழுப்பறையைத் துழாவினார். பித்தளை விசில் ஒன்று வெளியே வந்தது. ஊதிப் பார்த்தார். தெருநாய் எழுந்து ஓடியது.

அன்று மாலை மாமாவே அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் சூடான முழு ரொட்டி. நடந்ததை முதலில் இருந்து கடைசி வரை அவரே சொன்னார். அம்மா இரண்டு முறை குறுக்கே பேச வாயெடுத்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டாள்.

"நான் அங்கேயே இருக்கேன்க்கா" என்று முடித்தார்.

அம்மா ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் இங்க வந்து சாப்பிடு. கிழமை மறந்துடுவேன்னு சாக்கு சொல்லாத, சிட்டு வந்து கூப்பிடுவா" என்றாள்.

மூன்றாவது மாதம் வாடகை நாளன்று வீட்டுக்காரர் படிக்கட்டின் அடியில் நின்று விசிலை நீளமாக ஊதினார். மாமா இறங்கி வந்து வாடகையை எண்ணி நீட்டினார். வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு, துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்து டிக்கெட் மாதிரி கொடுத்தார். சிட்டு அதைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தாள்.

விசில் கேட்டு இன்னொரு கதவும் அசைந்தது. மாடி வீட்டுத் தையற்காரருக்கு மூன்று மாத வாடகை பாக்கி. அவர் சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

மாமா அந்தக் கதவைப் பார்த்தார், சிட்டுவைப் பார்த்தார்.

"பாவம், டிக்கெட் எடுக்கலபோல" என்று கிசுகிசுத்துவிட்டு, கழுத்துச் சாவியைக் கையில் எடுத்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனார்.