குழிக்குள் ஆள்

ரயில் அருங்காட்சியகத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவளுக்கு அந்தத் தகரப் பலகைதான் கண்ணை உறுத்தியது. இருப்பதிலேயே பழைய நீராவி எஞ்சின், நாளைக்குத் திறப்பு விழா, அதன் முகப்பு எண்ணை மறைத்தபடி ஒரு சிவப்புப் பலகை. 'குழிக்குள் ஆள். நகர்த்தாதே.'

"எஞ்சினுக்கு அடியில இருக்குற குழிக்குள்ள வேலைக்கு இறங்குறவன் மாட்டிட்டு இறங்குவான், மேடம். மாட்டினவனேதான் மேல வந்து கழட்டணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது," என்றார் காவலாளி. "இதை மாட்டின ஃபிட்டர் கழட்டவே இல்ல."

"ஏன்?"

"மேல வரல."

நாற்பது வருடத்துக் கதை. அதற்காக விழாவில் எண்ணை மறைத்து வைக்க முடியுமா? அவள் பலகையைக் கழற்றித் தரையில் சாய்த்தாள். காவலாளி வெளியே போய்விட்டார்.

சுற்றிப் பார்க்க வந்திருந்த தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பைக் மெக்கானிக் அவன். எந்த வண்டியைக் கண்டாலும் அடியில் தலையை விட்டுப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அம்மா அப்பா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கென்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், மகாராணி!" என்றபடி செருப்பை உதறிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவன் வைத்த பெயர் அது.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. கொட்டகைக்குள் மட்டும் இருட்டு கட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ கரிப்புகை வாசனை வந்தது. நாற்பது வருடமாக நெருப்பே மூட்டாத எஞ்சின் அது.

டங். டங். டங்.

கீழே யாரோ ஸ்பானரால் தட்டினார்கள். தம்பி வெறுங்கையோடுதான் இறங்கியிருந்தான்.

"டேய், விளையாடாத. மேல வா."



சக்கரம் அசைந்தது.

ஒரு விரற்கடைதான். அவளுக்கு உயிரே போய்விட்டது. பலகையை வாரியெடுத்துப் பழைய கொக்கியிலேயே மாட்டினாள்.

சக்கரம் நின்றது.

குழியின் அந்தப் பக்கத்துப் படியில் தம்பி ஏறி வந்தான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள், திட்டினாள், முதுகில் ஒன்று வைத்தாள். அவன் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. விரலெல்லாம் எண்ணெய். அவளைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் மேல வந்துட்டேனே," என்றான் மெதுவாக. "கழட்டிடுங்க. நீங்க மாட்டினது, நீங்கதான் கழட்டணும், மேடம்."

மேடமா?

அவள் பிடி தளர்ந்தது. குழியோரத்தில் தம்பியின் செருப்பு உதறிய இடத்திலேயே கிடந்தது.

டங். டங். டங்.

"மகாராணி..." எஞ்சினுக்கு அடியிலிருந்து தம்பியின் குரல் கிசுகிசுத்தது. "கழட்டிடாத. நான் இன்னும் கீழதான் இருக்கேன்."