திரைக்குப் பின்னால் திறந்த வால்வு

"என் தம்பி வேணும்னே ஒருத்தரை வேகவச்சுட்டான்னு சொல்றாங்க, சார்," என்றார் வந்த பெண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் கட்டுப்பாட்டுப் பொறியாளர் அவர். தம்பி அங்கேயே ஆபரேட்டர். ஐந்து நாள் முன்பு, காலையில், கழுவுவதற்காகக் காலி செய்திருந்த மூன்றாம் கொப்பரைக்குள் ஃபிட்டர் இரு கைகளையும் விட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீராவி வால்வு திறந்துவிட்டது. முழங்கை வரை வெந்துபோயிற்று. திறந்த கட்டளை தம்பியின் பெயரில் பதிவாகியிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அப்போது அவன் மட்டும்தான் இருந்தான். ஷிஃப்ட் மாற்றுவது பற்றி முந்தின நாள்தான் அவனுக்கும் ஃபிட்டருக்கும் வாய்த்தகராறு.

கேட்டுக்கொண்டிருந்தவர் முன்பு தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர், இப்போது தனியாகத் துப்பறிபவர். எதற்கும் பதறாததால் 'நிதானம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய கூட்டாளி ஒரு காலத்தில் பத்திரிகை நிருபர். இன்னும் அதுதான் அவளுக்குப் பெயர்.

"சண்டை, தனியறை, பதிவு. மூணும் ஒரே ஆளைத்தானே காட்டுது?" என்றாள் நிருபர், ஆலைக்குப் போகும் வழியில்.

"அதான் எனக்கு உறுத்துது," என்றார் நிதானம்.

கட்டுப்பாட்டு அறையில் தம்பி நான்கு நாள் தாடியோடு காத்திருந்தான். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவனை விசாரணைக்கென்று வரவழைத்திருந்தார்கள். திரையில் மூன்றாம் கொப்பரையின் மேல் 'பழுதுவேலை – பூட்டப்பட்டது' என்று இன்னும் சிவப்பாக எரிந்தது.

"பூட்டு போட்டுட்டுத்தான் சார் ஃபிட்டர் அண்ணனுக்குப் போன் பண்ணி, வேலையில இறங்கலாம்னு சொன்னேன். அப்புறம் நான் அதைத் தொடவே இல்ல."

நீராவிக் குழாயிலுள்ள கைவால்வு இறுகிப்போய் மாதக்கணக்காகிறது. எல்லாரும் திரைப் பூட்டையே நம்பினார்கள். நிதானம் பதிவை வாங்கிப் படித்தார். பூட்டியது ஒன்பது ஐம்பது. பூட்டை எடுத்ததாக வரியே இல்லை. ஆனால் தம்பியின் பெயரில், பத்து நாற்பத்திரண்டுக்கு வால்வு 12.4 விழுக்காடு. நாற்பத்துநான்குக்கு 28.1. நாற்பத்தாறுக்கு 43.7.

"பூட்டை எடுத்துட்டு, பதிவை அழிச்சிருக்கலாமே?" என்றாள் நிருபர்.

"அழிக்கத் தெரிஞ்சவன் தன் பேரை விட்டுவைப்பானா?" நிதானம் தம்பியிடம் திரும்பினார். "ஓடாத கொப்பரை ஏதாவது இருந்தா, அதோட வால்வை நாற்பத்து மூணு புள்ளி ஏழுக்கு வைங்க, பாக்கலாம்."

தம்பி ஐந்தாம் கொப்பரையைத் தொட்டான். நாற்பது. அடுத்த தொடலில் நாற்பத்தைந்து. "வராது சார். அஞ்சஞ்சாத்தான் ஏறும்."

"உங்க வேலையை இங்க வேற யார் பாக்கிறாங்க?"

"யாரும் இல்ல. ஏஐ உதவியாளர் ஒண்ணு இருக்கு. அது சும்மா சூட்டைப் பாத்து ரிப்போர்ட் எழுதும். அக்கா அப்படித்தான் சொல்லியிருக்கு."

கூட வந்திருந்த அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரையும் வரவழைத்து, நிதானம் கதவைச் சாத்தினார்.

"திரையில அந்த எண்ணை வைக்க முடியாது. மனுஷக் கை சரியா ரெண்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அழுத்தவும் அழுத்தாது. அப்போ கட்டளை திரை வழியா வரல. மூடியைத் திறந்ததும் கொப்பரை ஆறிச்சு. சூட்டைத் தொண்ணூறுல வைக்கணும்னு யாரோ ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்கு. அவர் கொஞ்சம் கொஞ்சமா வால்வைத் திறந்திருக்கார். பூட்டு இருக்கிறது திரையில மட்டும். அவர் திரையைப் பாக்கிறதே இல்லை. உள்ள ஒரு ஆள் கை விட்டிருக்கிறது அவருக்குத் தெரிய வழியே இல்லை." பொறியாளர் பக்கம் திரும்பினார். "ரிப்போர்ட் எழுதற ஏஐக்கு வால்வைத் திறக்கிற சாவி எதுக்கும்மா?"

பொறியாளர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"போன மாசம் சோதனைக்காகக் குடுத்தேன். வால்வு வால்வா அனுமதி எழுதினா மூணு வாரம் ஆகும். மேனேஜர் சார் ஒரு வாரம்தான் குடுத்தார். அதனால, திரையைத் தொடாமலே நேரா கட்டளை அனுப்புற பொது ஏபிஐ ஒண்ணைத் திறந்துவிட்டேன். எந்த வால்வுக்கும் எந்த எண்ணையும் எழுதலாம். புதுக் கணக்குக்கு ஒப்புதல் வாங்கணும்னு தம்பியோட கணக்கையே போட்டேன். அப்புறமா குறைச்சுக்கலாம்னு நெனச்சேன்."

மேனேஜர் மேசையைப் பார்த்தபடி, "நான் அவசரப்படுத்தினேன்," என்றார்.

"தெரிஞ்சேதான் எங்கிட்ட வந்தீங்களா?" என்றார் நிதானம்.

"தெரியும்னு சொல்ல முடியாது. பதிவைத் திறந்து பாக்கப் பயமா இருந்துச்சு. நீங்க வேற யாரையாவது காட்டிடுவீங்கன்னு வந்தேன்."

"அஞ்சு நாளா எனக்குச் சாப்பாடு போட்டு, 'மறந்துபோய்த் தொட்டிருப்பியா, யோசிச்சுப் பாருடா'ன்னு கேட்டுட்டே இருந்தியே, அக்கா," என்றான் தம்பி. "நானும் யோசிச்சேன். தொட்டிருப்பேனோன்னு நம்பவே ஆரம்பிச்சுட்டேன்."

அக்கா கணினியின் முன் உட்கார்ந்து, உதவியாளருக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தார். அதற்கு நான்கு நிமிடம் கூட ஆகவில்லை.

பிற்பகல் எல்லாருமே மருத்துவமனைக்குப் போனார்கள். ஃபிட்டரின் இரு கைகளும் கட்டுக்குள் தலையணைமேல் கிடந்தன. பொறியாளர் எதையும் குறைக்காமல் சொன்னார். ஃபிட்டர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"போலீஸ்கிட்ட அவன் பழிவாங்கிட்டான்னு சொல்லிட்டேன் மேடம். வலியில உளறல. அப்படித்தான் நெனச்சேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "இறங்கலாம்னு போன் பண்ணினது அவன்தானே. அந்தக் குரலையே நெனச்சு நெனச்சு வெறுத்துட்டு இருந்தேன்."

நிருபர் நோட்டை எடுத்து, அவர் சொல்லச் சொல்லப் புது வாக்குமூலத்தை எழுதினாள். கையெழுத்துக்கான இடம் வந்ததும் பேனாவை மூடிக்கொண்டாள்.

"அவன் வந்திருக்கானா?" என்றார் ஃபிட்டர்.

"வெளியில நிக்கிறான். எங்கிட்டப் பேசல," என்றார் பொறியாளர்.

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். தம்பி அக்காவைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலோரம் குந்தி, ஃபிட்டரின் தலைக்கருகே முகத்தைக் கொண்டுபோனான். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது வாசலில் நின்றிருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. கூப்பிடாமல் உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.