தோலில் பதிந்த அணைப்பு

எதுவும் உரசாத இடத்தில் கொப்புளம் வந்திருந்தது.

நிருஷா குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தாள். வலது தோளுக்குக் கீழே நான்கு நீர்க்கொப்புளங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. போன வாரம் ஆறிய அதே இடம். அவளுடைய தோல் அம்மாவிடமிருந்து வந்தது. எது அழுத்தினாலும் அந்த இடம் நீர் கோத்து எழும்பும். பையின் வாரா, சட்டைத் தையலா, கதிரையின் முதுகா என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். எதுவும் பொருந்தவில்லை. இடது பக்கமும் நான்கு இருந்தன.

கம்பளையில் வேலை முடித்து வந்துகொண்டிருந்த கணவன் றமணனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"உம்மட தோலுக்குக் காத்துப் பட்டாலே கோவம் வரும்," என்று சிரித்தான். "மழையப்பா, பஸ் கெட்டம்பேயில நிக்குது. ஆரணன் நித்திரையோ?"

"ஓம்."

குழந்தைக்கு ஐந்து மாதம். அவனுடைய தோலில் இதுவரை ஒன்றுமில்லை. தவழத் தொடங்கினால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றிருந்தார் வைத்தியர். தினமும் குளிப்பாட்டும்போது மடிப்பு மடிப்பாகப் பார்ப்பாள். சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் பார்ப்பாள்.

மலையிலிருந்து இறங்கிய மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. இருட்டோடு ஒரு வாசம் வந்தது: வாஸ்லின், ஈரத்துணி, அதனடியில் புண்ணில் ஒட்டிக் காய்ந்த பஞ்சு. தை மாதம் செத்துப்போன அம்மாவின் அறை வாசம். அம்மா அவளை ஒருநாளும் அணைத்ததில்லை. அணைத்தால் இருவருக்கும் தோல் உரியும். ஆசை வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நிருஷா முதுகைத் தடவினாள். இந்தப் பக்கம் நான்கு. அந்தப் பக்கம் நான்கு. விரல்கள். யாரோ முன்னால் நின்று இறுக்கி அணைத்த விரல்கள்.

சிதையில் எரித்த பிறகு அம்மாவுக்குத் தோல் இல்லை. இனி அணைத்தாலும் அவளுக்கு நோகாது.

அறைக்குள் ஆரணன் சிணுங்கினான். கை பட்டதும் அடங்குவதுபோல, உடனே அடங்கினான்.

ஓடினாள். கைத்தொலைபேசி வெளிச்சம். தொட்டில். அவன் விழித்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. தனக்கு நேர் மேலே பார்த்தான்.

"அம்மா, அவனைத் தொடாதேங்கோ," என்றாள். "அவனுக்கு ஒண்டுமில்லை."

குழந்தையின் சட்டை அக்குள்வரை ஏறியது. அதன் கீழே தோல் சிவந்தது. பளபளத்தது. நீர் கோத்தது. ஒன்று. இன்னொன்று.

ஆரணன் சிரித்தான். விரிப்பிலிருந்து அவனுடைய முதுகு மெல்ல எழும்பியது. தலை பின்னால் சாயவில்லை. பிடரியை ஏதோ பத்திரமாகத் தாங்கியிருந்தது.