ஹனா தூங்கிய குளிர்காலம்

"அந்தப் பொட்டலத்தை வேலிக்குள்ள போட்டீங்க... அப்புறம் நடக்கிறதே வேற."

நவம்பர் தூறலில் பின்னாலிருந்து வந்த அந்தக் குரலுக்கு லுவான் திடுக்கிட்டுத் திரும்பினான். கோபத்தில் பெண்கள் அழகாக இருப்பார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ... எர்மிராவுக்கு மூக்கு சிவந்திருந்தது, மழைத்தொப்பி கோணலாக இருந்தது, பூட்ஸ் முழுக்கச் சேறு. ஆனால் அந்தக் கண்கள்... மழை நனைத்த மரப்பட்டையின் பழுப்பு. லுவானுக்குச் சொல்ல வந்தது மறந்தே போயிற்று.

பிரிஷ்டினா நகருக்கு வெளியே, ஏரிக்கு மேலே இருக்கும் கரடிச் சரணாலயத்தில் அவள் பராமரிப்பாளர். ஆளை இழுக்க உணவகங்கள் வைத்திருந்த கூண்டுகளிலிருந்து மீட்ட பழுப்புக் கரடிகள்தான் அங்கே எல்லாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹனா என்ற பெண்கரடி, அவன் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீரை அடைச்ச பியூரெக்தான். எங்கம்மா சுட்டது" என்றான் பாவமாக.

பனிக்காலத்துக்கு முன்னால் சாப்பாட்டைக் குறைத்தால்தான் கரடி தூங்கப் போகும் என்று எர்மிரா படபடவென்று விளக்கினாள். கூண்டில் வளர்ந்த ஹனாவுக்குப் பனித்தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. சென்ற குளிர்காலம் முழுக்கத் தூங்காமல், கூண்டில் நடந்த அதே எட்டடியை முன்னும் பின்னும் நடந்தே உடம்பு உருகிவிட்டது. இந்தக் குளிரிலும் தூங்காவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லுவான் முகம் மாறியது. பொட்டலத்தை மெதுவாக எர்மிராவிடம் நீட்டினான். "அப்ப நீங்க சாப்பிடுங்க. நீங்க தூங்காட்டி பரவாயில்லையே."

சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள்... சிரித்துவிட்டாள். சூடு ஆறாத பியூரெக் வேறு.

அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தான். சைலன்சர் ஓட்டையான பழைய ஜெர்மன் கார், கோல்ஃப். கீழ் ரோட்டில் திரும்பும்போதே உறுமல் மலையில் எதிரொலிக்கும். வாசல் கடையில் இருவரும் மக்கியாட்டோ காபி குடிப்பார்கள். யார் காசு கொடுப்பது என்று அந்த ஊர் வழக்கப்படி சண்டை போடுவார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில் எர்மிரா சொன்னாள், ஹனாவைக் கூண்டில் வைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால் அதே கூண்டில் அவனைப் பூட்டிவிடுவேன் என்று. லுவான் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டான். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

பனி கொட்டியது. மற்ற கரடிகள் ஒவ்வொன்றாகக் குகையறைக்குள் போய்விட்டன. ஹனாவும் வைக்கோலை இழுத்துப் படுக்கை போட்டாள். எர்மிராவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹனா எழுந்து வேலியோரம் வந்து நின்றாள். மறுபடி படுத்தாள். அடுத்த ஞாயிறும் எழுந்துவிட்டாள்.

மூன்றாவது ஞாயிறு எர்மிரா குகை வாசலுக்கு அருகிலேயே காத்திருந்தாள். கீழ் ரோட்டில் அந்த உறுமல் கேட்டது. உள்ளே வைக்கோல் சலசலத்தது... முதலில் மூக்கு, பிறகு தலை. லுவான் மேலே வந்து சேருவதற்குள் ஹனா வேலியில் இருந்தாள்.

வந்தவனிடம் எர்மிரா நேராகவே கேட்டாள். "உங்க வண்டிச் சத்தம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

லுவான் மறைக்கவில்லை. "பேயா ஊருக்குப் போற ரோட்டுல இருக்கிற ஹோட்டல் எங்களோடது. கூண்டு வச்சது எங்கப்பா. தினமும் பேக்கரியில மிச்ச ரொட்டி வாங்கிட்டு இந்த வண்டியிலதான் வருவேன்... அவளுக்கு."

எர்மிராவுக்கு வந்தது கோபமா, வலியா, அவளுக்கே தெரியவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான். "இனிமே வராதீங்க. அவ தூங்கணும்."

"புரியுது. கூண்டுக்காரன் மகனோட காபி குடிக்க யாருக்குப் பிடிக்கும்..."

அதற்காகச் சொல்லவில்லை என்று எர்மிரா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்யா சொன்னேன், அவனே புரிந்துகொள்ளட்டும் என்ற வீம்பு. கார் உறுமிக்கொண்டே இறங்கிப் போனது.

ஹனா தூங்கினாள். பனிக்காலம் முழுக்க, மூக்கைப் பாதத்தில் புதைத்துக்கொண்டு தூங்கினாள். தூக்கம் கெட்டதெல்லாம் எர்மிராவுக்குத்தான்.

மார்ச் வெயிலில் ஹனா மெலிந்து, சோம்பலாக வெளியே வந்து புல்லை முகர்ந்தாள். அந்தப் பழைய எட்டடி நடை இல்லை. உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். சரணாலயத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லுவான் மட்டும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் ரோடு அமைதியாகவே இருந்தது. எர்மிரா பேயா போகும் பஸ்ஸில் ஏறினாள்.

ஹோட்டலில் அவன் அப்பா இஸ்மெத் மட்டும்தான் இருந்தார். போலீஸ் வந்து ஹனாவை ஏற்றிப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கரடி என்ற வார்த்தையையே எடுப்பதில்லை என்று லுவான் பின்னால் அவளிடம் சொன்னான். என்ன சாப்பிடுகிறாய் மகளே என்று கேட்டவரிடம், ஒன்றும் வேண்டாம், ஹனா குளிர்காலம் முழுக்கத் தூங்கினாள் என்று சொல்லத்தான் வந்தேன் என்றாள்.

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தூங்கினாளா..." என்றார். "இங்க ஒருநாள்கூட அவளைத் தூங்க விட்டதில்லம்மா. பாட்டு, கல்யாணம், கும்பல்..." என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் கை காட்டினார்.

கொல்லையில் கூண்டைக் காணோம். அந்த இடத்தில் கோல்ஃப் நின்றது, மேலெல்லாம் தூசி. அதற்குள் தலையை விட்டு எதையோ குடைந்துகொண்டிருந்த லுவான் அவளைப் பார்த்ததும் தலையை இடித்துக்கொண்டான்.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றான். "டிசம்பர்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணவே இல்ல."

"ஏன்?"

"அவ தூங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"லுவான்... அங்கேர்ந்து ஒண்ணரை மணி நேரம் பஸ்ல வந்தேன். இவ்வளவு தூரம் எப்படிக் கேட்கும்?"

"கேட்காதுன்னு எனக்கும் தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "இருந்தாலும் மனசு வரல."

அந்த வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ. அவள் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு உங்க மேல கோபத்துல சொல்லல. அந்தச் சத்தத்துக்கு ஹனா மட்டும்தான் எழுந்திரிக்கிறான்னு நினைச்சேன்... ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கும் காது அந்த ரோட்டுலதான் இருக்கு. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, லுவான். போதுமா?"

போதாது என்றான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் சொல்லவில்லை. கையை மட்டும் கொடுத்தாள்.

வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. அவள் ஒரு பக்கம் தள்ளினாள். மறுபக்கம் இஸ்மெத் வந்து தோள் கொடுத்தார், யாரும் கூப்பிடாமலே. சரிவில் இன்ஜின் இருமி, உறுமி, ஊரையே எழுப்பியது.

"முதல்ல இந்த சைலன்சரை மாத்தணும்" என்று கத்தினான் லுவான்.

எர்மிரா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நவம்பர் வரைக்கும் மாத்தாதே."