நாற்பத்தொன்றாம் எண் ஸ்டிக்கர்

காலை 9.40. நகராட்சிப் படகுப் பதிவு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் நாற்பத்தொன்றாம் எண் ஸ்டிக்கரைக் காணவில்லை. 10.05-க்கு அது படகுத்துறையில் கிடைத்தது. கவுன்டர் எழுத்தருடைய தம்பியின் குட்டிப் படகில் நீல நிறத்தில் பளபளவென்று ஒட்டியிருந்தது. அந்தப் படகுக்கு இந்த ஆண்டுப் பதிவுக் கட்டணம் இன்னும் கட்டவில்லை.

"இன்னிக்கே சஸ்பெண்ட்!" என்று குதித்தார் மேலாளர். மூன்று மாத விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியதே நேற்றுதான். எழுத்தருக்குப் பதினோரு வருட வேலை, வீட்டில் சம்பாதிப்பவளும் அவள் ஒருத்திதான். பாவம், அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள்.

படகுகளின் நீளம் அளந்து கட்டணம் சொல்பவர் 'டேப்'. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சாப்பாடு இறங்காது. மதியத்துக்குள் உண்மை தெரிய வேண்டும் என்று ஆணையர் அம்மா அவரைத்தான் அழைத்தார்.

"அலமாரிக்கு எத்தனை சாவி?" என்று எழுத்தரிடம் கேட்டார் டேப்.

"ரெண்டுண்ணே. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு சார்கிட்ட."

"தம்பி?"

"கால் ஒடிஞ்சு பத்து நாளா ஆஸ்பத்திரியில கெடக்கான்."

"உன்மேல யாருக்காவது கோபமா?"

அவள் தயங்கினாள். "போன வருஷம் ரசீதே இல்லாம போன பன்னெண்டு ஸ்டிக்கர் பத்தி நேத்து சார்கிட்ட கேட்டேன்."

"தம்பி படுத்துட்டான், அக்கா ஒட்டிட்டா. இதுல துப்பறிய என்னய்யா இருக்கு?" என்றார் மேலாளர்.

டேப் போய்ப் படகை அளந்தார். நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர். திரும்பி வரும்போது அவர் முகத்தில் சிரிப்பு.

11.30. மேலாளரின் அறை.

"சார் கவுன்டர் பக்கம் வர்றதே இல்லையா?"

"அங்க ஒரே கூட்டம். எனக்குப் பின்வாசல்தான் தோது."

"சரி, புகாரை விவரமா எழுதிக் குடுங்க. படகு, கட்டணம், நிறம், ஒண்ணு விடாம."

மேலாளர் விறுவிறுவென்று எழுதினார்: 'ஐந்து மீட்டருக்குக் குறைவான படகுக்கு உரிய நீல ஸ்டிக்கர்.' கையெழுத்தும் போட்டார்.

டேப் அந்தத் தாளோடு அவரையும் ஆணையரையும் கவுன்டருக்கு அழைத்து வந்தார். கண்ணாடியில் இந்த ஆண்டுக் கட்டண அட்டவணை இருந்தது.

"படிங்கம்மா."

"ஐந்து மீட்டருக்குக் குறைவு, மஞ்சள். அதற்கு மேல், நீலம்."

"போன வருஷம் சின்னப் படகுக்கு நீலம். ரெண்டு மாசம் முன்னாடி மாத்திட்டோம். தினம் நாப்பது பேருக்கு நிறம் பாத்துக் குடுக்கிற பொண்ணு, தன் தம்பி படகுக்குத் தப்பான நிறத்தையா திருடுவா? இருக்கிறது ரெண்டே சாவி. மாறினது தெரியாதவர்கிட்ட இருக்கிற சாவிதான் அலமாரியைத் திறந்திருக்கு."

மேலாளர் அட்டவணையைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"உங்க சாவியை வைங்க. அந்தப் பன்னெண்டைப் பத்தியும் பேசணும்" என்றார் ஆணையர்.

எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கைப்பையிலிருந்து பணம் எடுத்துத் தம்பியின் படகுக்கு ரசீது போட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்தாள்.