சீட்டுக்கு அடியில் ஒட்டியது

வாலு தினமும் காலையில் முதலில் பார்ப்பது ஒரு சைக்கிள் சீட்டின் பின்பக்கத்தைத்தான்.

அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. மெஷினிலிருந்து சூடாக வரும் வெள்ளை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது வாலு கேரியரில் ஏறிக்கொள்வாள். வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்கிக்கொள்வாள். மாலையில் வேலை முடிந்ததும் அம்மா வந்து அதே கேரியரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

முன்னால் என்ன வருகிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். வாலுவுக்குத் தெரிவதெல்லாம் அம்மாவின் முதுகு, அதற்குக் கீழே சீட்டு, சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங்.

சைக்கிளின் வால் பக்கம் உட்காருவதால்தான் தனக்கு வாலு என்று பெயர் வந்தது என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள்.

சைக்கிளில் வேலைக்குப் போவது சும்மா இல்லை. ஒரு நாள் செயின் கழன்றுவிடும். அன்றைக்கு அம்மா கரியான கைகளைச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்த பிறகுதான் விரிப்புகளைத் தொட முடியும். ஒரு நாள் எதிர்காற்று. ஒரு நாள் மழை வரும், இருவரும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்துகொள்வார்கள்.

ஆனால் பாலத்து மேடு மட்டும் தினமும் உண்டு. அம்மா மூச்சு வாங்க இறங்கித் தள்ளுவாள். "இந்தப் பாலத்தைக் கட்டினவன் ஜென்மத்துல சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டான்" என்று மேடு முடியும் வரை அவனைத் திட்டிக்கொண்டே வருவாள்.

அன்று மாலை அம்மா மேட்டில் இறங்கவில்லை. பாலம் கட்டியவனையும் திட்டவில்லை.

"என்னம்மா, இறங்கலையா?"

"எதுக்கு இறங்கணும்? சைக்கிள் எப்படிப் பறக்குது பாரு. ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட்டேன் இல்ல, அந்த வேலை."

ஞாயிற்றுக்கிழமை வாலுவும் பக்கத்தில்தான் நின்றாள். அம்மா விட்ட எண்ணெயில் பாதிக்கு மேல் தரைக்குத்தான் போனது. அந்தக் கொஞ்சூண்டு எண்ணெயில் சைக்கிள் பறக்குமா?

வாலு காதைத் தீட்டிக்கொண்டாள். இடதுபக்க ஸ்பிரிங் எப்போதும் 'கிறீச் கிறீச்' என்று அழும். இன்றைக்கு அது வாயே திறக்கவில்லை. அவள் மெதுவாகக் கையை நீட்டி, சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள். வழவழவென்று இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, நிறுத்து."

"ஏன், செருப்பு விழுந்துடுச்சா?"

"இது நம்ம சைக்கிள் இல்ல."

அம்மா மேட்டின் உச்சியில் காலை ஊன்றி நிறுத்தினாள். சிரித்தாள்.

"வெயில்ல உட்கார்ந்து மூளை காஞ்சு போச்சா? நான் சாவி போட்டேன், பூட்டு திறந்துச்சு. ஊரான் வீட்டு சைக்கிள் நம்ம சாவிக்குத் திறக்குமா?"

"நம்ம சீட்டுக்கு அடியில ஒண்ணு இருக்கும்மா. இதுல அது இல்ல."

"என்ன இருக்கும்?"

வாலு சீட்டுக்கு அடியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். இதைச் சொன்னால் தொலைந்தாள். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் சைக்கிள் இல்லாமல் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

"சூயிங்கம்."

அவர்கள் வீட்டில் சூயிங்கத்துக்குத் தடை. 'குடல்ல ஒட்டிக்கும்' என்பது அம்மாவின் சட்டம். பள்ளியில் பக்கத்து பெஞ்சுக்காரி கொடுப்பதை வாலு மென்றுகொண்டிருப்பாள். அம்மா தெருமுனையில் தெரிந்ததும் கையில் எடுத்துக்கொள்வாள். கேரியரில் ஏறிய பிறகு அது சீட்டுக்கு அடியில் போய்விடும்.

"ஒண்ணா?" என்றாள் அம்மா.

"நிறைய."

அம்மாவின் முகம் சிவந்தது. திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், சட்டென்று குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். அப்புறம் பெல்லைப் பார்த்தாள். அவளுடைய பெல்லின் மூடி ஒரு பக்கம் நெளிந்திருக்கும். இது கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று உருண்டையாக இருந்தது. அதே பச்சை நிறம், அதே லேடீஸ் சைக்கிள், அதே பூட்டு. ஆனால் அவளுடையது இல்லை.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ நான் யாரோட சைக்கிளையோ திருடிட்டு வந்திருக்கேனா?"

"திருடலம்மா. மாத்தி எடுத்துட்டே."

"பார்க்கறவங்க அப்படியா சொல்வாங்க?"

அம்மா அதன் பிறகு அந்தச் சைக்கிளில் ஏறவில்லை. திரும்பிப் போகும்போது இறக்கத்தில்கூடத் தள்ளிக்கொண்டே வந்தாள். "அடுத்தவங்க பொருள்ல தெரிஞ்சே எப்படி ஏறறது?" என்றாள். வாலு பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூட்டம். நடுவில் வாட்ச்மேன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவர் பிடியில் ஒரு மனிதர். நல்ல உயரம், பெரிய மீசை, தோளில் ஒரு கனமான பை. பக்கத்தில் மேனேஜர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றார். அவர்களுக்குப் பின்னால் நின்றது அம்மாவின் பச்சைச் சைக்கிள்.

"வாம்மா, வா" என்றார் வாட்ச்மேன். "உன் சைக்கிளைத் திருடப் பார்த்தவனைக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். கள்ளச்சாவி போட்டுத் திறந்துட்டான். நான் மட்டும் கவனிக்கலைன்னா இந்நேரம் சைக்கிள் பக்கத்து ஊர்ல இருக்கும்."

"என் சைக்கிள்னு நினைச்சுதான் திறந்தேன் சார்" என்றார் மீசைக்காரர்.

"இந்த மீசையை வச்சுக்கிட்டு லேடீஸ் சைக்கிள்ல வேலைக்கு வர்ற ஆளா நீ?"

"எங்க அக்கா சைக்கிள் சார். வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னதும் அவங்கதான் கொடுத்தாங்க."

"பை நிறைய ஸ்பானர். பூட்டு உடைக்கத்தானே?"

"நான் பிளம்பர் சார். குழாயை வேற எதை வச்சுக் கழட்டுவேன்?"

அவர் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சைக்கிளை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது என்னோடது இல்லைதான். இப்போ தெரியுது. ஆனா என் சாவி எப்படித் திறந்துச்சுன்னு எனக்கே புரியல."

"எங்களுக்குப் புரியுது" என்றார் மேனேஜர். "நீ நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம். போலீஸைக் கூப்பிடணுமா வேண்டாமான்னு சைக்கிள்காரம்மா சொல்லட்டும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் பிடித்திருந்த இன்னொரு பச்சைச் சைக்கிளை ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மாவின் கால்கள் தரையில் வேர் விட்டதுபோல நின்றுவிட்டன. அந்தப் பக்கம் பிளம்பரின் பெரிய மீசை லேசாக நடுங்கியது. அவ்வளவு பெரிய மீசை நடுங்கும் என்று வாலுவுக்கு அதுவரை தெரியாது. அவளுக்கு அழுகை வந்தது.

"அந்த மாமா திருடல" என்றாள் வாலு. "முதல்ல மாத்தி எடுத்துட்டுப் போனது நாங்கதான். இதுதான் அவரோட சைக்கிள்."

கூட்டம் திரும்பியது. வாட்ச்மேனின் கண்கள் ஒரு பச்சையிலிருந்து இன்னொரு பச்சைக்குப் போயின. மறுபடி முதல் பச்சைக்கு வந்தன.

அம்மாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ஆமா சார். நான் எப்பவும் நிறுத்தற இடத்துல இது நின்னுச்சு. சாவி போட்டேன், திறந்துச்சு. தப்பு என்னோடதுதான். அவரை விட்டுடுங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு சாவிக்கு ரெண்டு பூட்டு திறக்காது. உங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் கள்ளச்சாவி செஞ்சிருக்கணும்."

இதற்குத்தான் அம்மா வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள்.

"சார் சொல்றதுதான் சரி" என்றார் வாட்ச்மேன். "ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, அதான் உலக வழக்கம். என் சைக்கிள்லயும் இதே பூட்டுதான். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இருக்கு. என் சாவியைத் தவிர எதுக்கும் திறக்காது."

வாலு திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் கறுப்புச் சைக்கிள் நின்றது. பின்சக்கரத்தில் அதே வட்டப் பூட்டு.

"வேற சாவி போட்டுப் பார்த்திருக்கீங்களா மாமா?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"நான் பார்க்கட்டுமா?"

"தாராளமாப் பாரு. நூறு தடவை பாரு."

அம்மாவின் சாவியை வாங்கிக்கொண்டு வாலு போய்க் குனிந்தாள். சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.

"நான் சொல்லல?" என்று வாட்ச்மேன் மீசையைத் தடவினார். அவருக்கு மீசை இல்லை, ஆனாலும் தடவினார்.

வாலு சாவியை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி நுழைத்து, அம்மா தினமும் செய்வதுபோல லேசாக ஆட்டித் திருப்பினாள்.

டக்.

பூட்டு திறந்துகொண்டது.

வாட்ச்மேன் பேயறைந்தது மாதிரி நின்றார். போய்ப் பூட்டை மூடினார். தன் கையாலேயே அம்மாவின் சாவியைப் போட்டுத் திருப்பினார். மறுபடியும் டக்.

பிளம்பர் தன் சாவியை அம்மாவின் சாவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பல்லு ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான் சார். பூட்டுக் கம்பெனிக்காரங்க சும்மா நாலஞ்சு மாதிரி சாவியை மட்டும் செஞ்சு எல்லாப் பூட்டுக்கும் மாத்தி மாத்திப் போட்டு வித்திருக்காங்க."

மேனேஜர் சைக்கிள் வரிசையை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் அவர் நடை ஓட்டமாக மாறியது. தன் சாவியைப் பக்கத்தில் நின்ற பெரிய டாக்டரின் சைக்கிளில் போட்டுப் பார்த்தார். டக். உடனே பூட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த நிமிடம் நர்ஸுகளும் சமையல்காரர்களும் ஆளுக்கொரு சாவியோடு அங்கே ஓடினார்கள். 'டக், டக்' என்றும் 'ஐயையோ' என்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அது சரி" என்றார் மேனேஜர், திரும்பி வந்து. "அவர் சைக்கிள் இந்தம்மா இடத்துக்கு எப்படிப் போச்சு?"

வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்தார். "மத்தியானம் தண்ணி லாரி வந்துச்சு சார். வழி விடறதுக்காகக் கொஞ்சம் சைக்கிளைத் தூக்கி மாத்தி வச்சேன்."

"எந்தச் சைக்கிளை?"

"அதுல ரெண்டு பச்சை இருந்த மாதிரி ஞாபகம்" என்றார் வாட்ச்மேன், மிகவும் மெதுவாக.

மேனேஜர் பிளம்பரிடம் போய் நின்றார். "மன்னிச்சுக்குங்க. விசாரிக்காம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க."

பிளம்பர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்தே துடைத்தார். "போலீஸ்கூடப் பரவாயில்ல சார். சைக்கிள் எங்கேன்னு அக்கா கேட்டா என்ன சொல்றதுன்னுதான் உயிரே போயிடுச்சு."

"தம்பி" என்றார் வாட்ச்மேன். "மீசையைப் பத்தி நான் பேசினது தப்பு. நல்ல மீசை."

கூட்டம் சிரித்தது. அதற்குள் யாரோ இரண்டு பச்சைச் சைக்கிளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் குழம்பினார். "இப்போ இதுல எது யாரோடது? மறுபடி மாறிடப் போகுது."

"சீட்டுக்கு அடியில தொட்டுப் பாருங்க சார்" என்றாள் வாலு. "தெரிஞ்சுடும்."

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் மேனேஜர் கையை விட்டுவிட்டார். அடுத்த நொடி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் விரலோடு ஒரு நூல் நீளமாக வந்தது. அது நேற்று மாலை ஒட்டியது, வெயிலில் இளகியிருந்தது.

"இது எங்களோடது சார்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

கிளம்பும் முன் பிளம்பர் தன் பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்து அம்மாவின் செயினுக்கு ஒழுங்காக எண்ணெய் விட்டார். ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. "தினமும் சைக்கிள்ல வேலைக்கு வர்றவங்க இதை இப்படிப் பட்டினி போடலாமாம்மா?" என்றார்.

பாலத்து மேடு வந்தது. அம்மா மூன்றில் இரண்டு பங்கு மேட்டை மிதித்தே ஏறிவிட்டு, மிச்சத்துக்கு இறங்கினாள்.

"வீட்டுக்குப் போனதும் அவ்வளவையும் சுரண்டி எடுக்கற" என்றாள்.

"சரிம்மா."

"இனிமே வாயில சூயிங்கத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"சரிம்மா."

மேடு முடிந்தது. அம்மா ஏறி உட்கார்ந்தாள். ஸ்பிரிங் 'கிறீச்' என்றது. அந்தச் சத்தம் கேட்டதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் சுரண்ட வேண்டாம்" என்றாள் அம்மா. "ஒண்ணை மட்டும் விட்டு வை."

அந்த மாதமே அம்மா புதுப் பூட்டு வாங்கிவிட்டாள். ஆனாலும் தினமும் வேலை முடிந்து வந்தால், முதலில் சீட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பாள். "இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பாள்.